சேதன மாஸ்டர்

தியாகலிங்கம் மாஸ்டருக்கு மனிதரில் வந்த கோபம் மத்தியானச் சோற்றோடு ஆறிவிடும். சொற்களில் வந்த கோபம் ஆறாது. விடைத்தாளில் 'ஆக்சிஜன்' என்று எழுதிய பிள்ளைக்கு, சமன்பாடு சரியாக இருந்தாலும், அந்த வரியைச் சிவப்பு மையால் வெட்டுவார். இலங்கையில் தமிழில் இரசாயனம் படித்தவருக்கு அது ஒட்சிசன். இந்தியாவிலிருந்து வரும் கைடுகளில் வேறு மாதிரிக் கிடக்கும். "கைடு வந்து சோதினை எழுதாது, நீதான் எழுதப்போறாய்" என்பார்.

மகள் துஷாந்தினிக்கு இதெல்லாம் சின்ன வயதிலேயே அலுத்துவிட்டது. சாப்பிடும்போது உப்பை எடுத்துத் தரச் சொன்னால் "எந்த உப்பு?" என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவள் அவள். அலுத்தும் இரசாயனப் பொறியியல்தான் படித்தாள். படித்துவிட்டு ஒல்லாந்துக்குப் போய், ஒரு ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தாள். தொலைபேசியில் அவள் ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொன்னால் மறுமுனையில் அவர் பேசாமல் இருப்பார். தமிழ்ச் சொல்லைச் சொல்லும்வரை பேசாமலே இருப்பார். தூர அழைப்பில் அது எவ்வளவு எரிச்சல் என்பது அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

அவர் புத்தூரில் பிறந்தார், புத்தூர்ப் பெண் மீனாம்பிகையைக் கட்டினார், வேலைக்காலம் முழுவதும் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தார். போர்க்காலத்தில், பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் குடாநாட்டுக்கு அமிலமும் வராது, பற்றரியும் வராது, யூரியாவும் வராது. செவ்வரத்தம் பூவை அவித்து, அந்தச் சாறு நிறம் மாறுவதைக் காட்டித்தான் அமிலமும் காரமும் படிப்பித்தார். யாராவது அதைப் புகழ்ந்தால் அதற்கும் கோபம். "பினோத்தலின் இல்லாதபடியால் செய்தது. புகழ என்ன கிடக்கு உதிலை?"

ஓய்வுக்குப் பிறகு வெட்டுவதற்கு விடைத்தாள்கள் இல்லை. ஆகவே ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பிடித்துக்கொண்டார். துஷாந்தினி அனுப்பிக்கொண்டே இருப்பாள். உலோகத்தைத் தனித்தனி அணுவாகத் தூவிச் செய்த ஊக்கிகள், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தண்ணீர் தரும் தூள்கள், எந்தக் கலவையை அடுத்துச் செய்வது என்று கணினியே தீர்மானிக்கும் ஆய்வுகூடங்கள். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாசிப்பார். வாசித்துவிட்டு வைவார்.

"எல்லாரும் காய்ச்சி வடிச்ச தண்ணியிலை செய்துபோட்டு, உலகத்தைக் காப்பாத்தியாச்சு எண்டு எழுதுறாங்கள். புத்தூர்த் தண்ணியிலை செய்து பாக்கச் சொல்லு பிள்ளை."

புத்தூர்த் தண்ணீர்தான் அவருடைய உண்மையான கவலை. அங்கே செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அள்ளிப்போடும் பசளையில் பயிர் எடுத்தது போக மீதி மழையோடு நேரே கிணற்றுக்குப் போகும். முன்பள்ளிக்குப் பக்கத்திலிருந்த பொதுக் கிணற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு விதித்த எல்லையின் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் பார்த்தால் கண்ணாடி மாதிரி, குடித்தால் இனிப்பு. அதுதான் கரைச்சல். உவர்த் தண்ணீர் என்றால் சனம் தானாகவே கைவிட்டிருக்கும். அந்த இனிப்புத் தண்ணீரில் கைக்குழந்தைக்கு மாப்பால் கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவமுடியாமல் போகலாம். மாஸ்டர் இதை எழுதிக் கிணற்றுக் கட்டில் பல தடவை ஒட்டினார். ஒவ்வொரு தடவையும் ஆடு தின்றது.

சென்ற ஒக்ரோபரில் இரசாயனத்துக்கான நோபல் பரிசை உலோக-சேதன வலையமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். செய்தி வந்ததும் மாஸ்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய், கண்ட ஆட்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். மீன் வாங்கப் போனவர் மீன் இல்லாமல் வந்தார் என்று மீனாம்பிகை மகளிடம் முறைப்பட்டாள்.

விளக்கம் இவ்வளவுதான். உலோக அணுக்கள் மூலைகள். காபன் கொண்ட சேதன மூலக்கூறுகள் அந்த மூலைகளை இணைக்கும் தடிகள். பந்தலுக்குத் தடி கட்டினதுபோல ஒரு கூடு, கூட்டுக்குள் வெறும் இடம். தடியையும் மூலையையும் மாற்றிக் கட்டினால், எதைப் பிடித்து வைக்கவேண்டுமோ அதற்கு ஏற்ற இடத்தை உண்டாக்கலாம். துஷாந்தினியின் குழு செய்த தூள் நைத்திரேற்றைப் பிடிக்கும். பிறகு உப்புக் கரைசலால் கழுவினால் விட்டுவிடும். கழுவிய கரைசலுக்குள் மின்சாரம் விட்டால், செம்பு ஊக்கி ஒன்று அந்த நைத்திரேற்றை அமோனியாவாக மாற்றும். அதாவது பசளையாக. கிணற்றுக்குள் போன யூரியாவைத் திருப்பி எடுக்கலாம். முதல் பாதி ஓரளவு வேலை செய்தது. இரண்டாம் பாதி ஆய்வுகூட மேசையில்தான் நின்றது.

குழுவுக்கு உண்மையான கிணறு ஒன்று தேவைப்பட்டது. துஷாந்தினி புத்தூருக்காக வாதாடினாள். குழுத் தலைவர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: கிணற்றில் தண்ணீர் அள்ளும் சனம் கூட்டம் கூடிச் சம்மதிக்கவேண்டும். பெப்ரவரி முடியுமுன் சம்மதம் வராவிட்டால் தூள் வைத்துச் செய்த சோதனைப் பெட்டி புத்தளப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போகும். அங்கே ஏற்கெனவே ஓம் சொல்லிவிட்டார்கள்.

தை பிறந்ததும் துஷாந்தினி வந்து இறங்கினாள். அப்பா மெலிந்திருந்தார். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடமாகியிருந்தது.

"ஒருக்கா வேலை செய்யிறதைப் பாத்திட்டனெண்டால் காணும்" என்றார்.

"பாப்பியள் அப்பா. சும்மா இருங்கோ."

கூட்டத்துக்கான அறிவித்தலைத் தன் கையாலேயே எழுதினார். பெரிய எழுத்து, அழகான எழுத்து. 'உலோக-சேதன வலையமைப்பின் மூலம் பொதுக் கிணற்று நீரைத் தூய்மையாக்கல். அனைவரும் வருக.' சந்தியில் ஒன்று, சனசமூக நிலையத்தில் ஒன்று. துஷாந்தினி வாசித்துப் பார்த்தாள். பிழை எதுவும் தெரியவில்லை. அவள் 2021இல் ஊரில் இல்லை. அவர் இருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடை செய்தது. இனி எல்லாம் சேதனப் பசளைதான், அதாவது சாணமும் இலைகுழையும்தான் என்றது. ஊரூராக ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சேதனம் சேதனம் என்று கத்தினார்கள். அந்த வருடம் விளைச்சல் படுத்தது. இரசாயனப் புத்தகத்துக்கு வெளியே யாருக்கும் தேவைப்படாமல் கிடந்த ஒரு சொல், ஒரே போகத்தில் கெட்ட வார்த்தையாகிவிட்டது.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்து வாசல்வரை நின்றார்கள். மாஸ்டர் மகளைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியே பிள்ளை, சனத்துக்குத் தண்ணியிலை எவ்வளவு அக்கறை."

விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் தலைவர் பிரவீணன் தலைமை தாங்கினான். மாஸ்டரிடம் படித்தவன். அவன் வணக்கம் சொல்லி முடிக்குமுன் முன்வரிசையில் செபநாயகம் எழுந்தார். அறுபதைத் தாண்டிய வெங்காயத் தோட்டக்காரர். அறிவித்தலைக் கையோடு பிய்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"மாஸ்டர், ஒரே ஒரு கேள்வி. உந்தச் சேதனத்தைத் திருப்பிக் கொண்டுவாறது ஆர்? அரசாங்கமோ, நீங்களோ?"

"எந்தச் சேதனம்?"

"நீங்கள்தானே எழுதியிருக்கிறியள்."

"இது பசளை இல்லை, செபநாயகம். இது ஒரு தூள்."

"அண்டைக்கும் தூள்தான் தந்தவங்கள்."

பின்னால் சிரிப்பு. மாஸ்டர் சோக்கட்டியை எடுத்தார். சோக்கட்டி கையில் வந்ததும் அவருக்கு மண்டபம் வகுப்பறையாகிவிட்டது என்பதைத் துஷாந்தினி கண்டாள். தடுக்க நேரமில்லை.

"சேதனம் எண்டது ஒரு இரசாயனச் சொல். கவனமாக் கேளுங்கோ."

"இரசாயனமோ, சேதனமோ? ஒண்டைச் சொல்லுங்கோ மாஸ்டர். இரண்டும் ஒண்டுக்கொண்டு எதிரி எண்டுதானே ஸ்பீக்கரிலை கத்தினவங்கள்."

"கத்தினவன் முட்டாள். ஒரு சிலதைத் தவிர, காபன் இருக்கிற சேர்வையெல்லாம் சேதனச் சேர்வை. அப்பிடிப் பாத்தால் யூரியாவே சேதனச் சேர்வைதான். முதன்முதல் ஆய்வுகூடத்திலை செய்த சேதனச் சேர்வையே யூரியாதான்."

பிரவீணன் மெதுவாகக் கேட்டான். "அப்ப சேர், அண்டைக்குத் தடை செய்ததும் சேதனம், தந்ததும் சேதனமோ?"

"ஓம். அதைத்தான் சொல்லுறன்."

முதலில் சிரிப்பு எழுந்தது. பெரிய சிரிப்பு. பிறகு அது கோபமாக மாறியது. செபநாயகம் சிரிக்கவே இல்லை.

"என்ரை வெங்காயம் தீக்குச்சி மாதிரி வந்தது மாஸ்டர். உழுகிற லாண்ட்மாஸ்டரை வித்தனான். அப்ப நீங்கள் எங்கை இருந்தனியள்? யூரியாவும் சேதனம்தான், குடுங்கோடா எண்டு அப்ப வந்து சொல்லியிருக்கலாமே. ஒருத்தரும் கேக்காத இண்டைக்கு வந்து சொல்லுறியள்."

மாஸ்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். அதில் அரைகுறையாக ஒரு கூடு வரைந்து கிடந்தது. ஒரு தேக்கரண்டித் தூளுக்குள் விளையாட்டு மைதானம் அளவு மேற்பரப்பு இருக்கிறது என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தபோது கதிரைகள் இழுபடத் தொடங்கின. போகிற போக்கில் யாரோ சொன்னார்கள்: "அப்ப என்ரை காணியையும் அந்தக் கரண்டிக்கை வைச்சுத் தாங்கோ மாஸ்டர். எல்லைச் சண்டை முடியும்."

கை தூக்குவதற்கு ஆட்களே இல்லை.

அடுத்தநாள் காலையில் அவருக்குப் பெயர் வைத்தாயிற்று. சேதன மாஸ்டர். கடைக்காரனும் அப்படித்தான் சொன்னான், கடை வாசலில் நின்ற பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள். பட்டப்பெயர் வைப்பதில் அந்த ஊர் எந்த ஆராய்ச்சிக் குழுவையும்விட வேகம்.

வீட்டில் துஷாந்தினி பொறுமையை இழந்தாள்.

"அப்பா, அந்தச் சொல்லை விடுங்கோ. அவ்வளவுதான். தூள் எண்டு சொல்லுங்கோ. நோபல் தூள் எண்டு சொல்லுங்கோ. என்னத்தையெண்டாலும் சொல்லுங்கோ."

"சொல் பிழையோ?"

"சொல் சரி. நீங்கள் சொன்னதெல்லாம் சரி. சரியாச் சொல்லித்தான் கூட்டத்தைக் கலைச்சனியள்."

"அப்ப பிழையாச் சொல்லட்டோ?"

"ஓம்."

அவர் பேசவில்லை. தொலைபேசியில் செய்வதுபோலவே. நேரில் அது இன்னும் எரிச்சல்.

பின்னேரம் பிரவீணன் வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், சமாதானத்துக்கு. முற்றத்துக் கதிரை நுனியில் இருந்துகொண்டு ஒரு வழி சொன்னான்.

"சேர், இந்தியாக்காரர் இதைக் கரிமம் எண்டு சொல்லுவினம். உலோக-கரிமம் எண்டு போட்டால் ஒருத்தரும் சண்டைக்கு வராயினம்."

"அந்தச் சொல்லுக்குத்தான் உமக்கு அண்டைக்கு வெட்டினனான்."

"தெரியும் சேர். அதாலைதான் தோட்டம் செய்யிறன்."

மீனாம்பிகை உள்ளே சிரித்தது கேட்டது. மாஸ்டர் சிரிக்கவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் தாள்களில் வெட்டிய சொல்லை இப்போது தானே கரும்பலகையில் எழுதமுடியாது என்றார். வெட்டு வாங்கியவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

"ஒருத்தரும் கேக்காயினம் அப்பா."

"நான் கேப்பன்."

துஷாந்தினி எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்றாள். பெப்ரவரி ஓடிக்கொண்டிருந்தது. ஒல்லாந்திலிருந்து ஒவ்வொரு காலையும் ஒரே கேள்வி வந்தது: சம்மதம் கிடைத்ததா? ஒரு சொல்லால் தாமதம் என்று அவளால் ஆங்கிலத்தில் எழுத முடியவில்லை. எழுதினால் நம்பமாட்டார்கள்.

இரண்டாவது கூட்டத்தைக் கூட்டியது குணலட்சுமி. மாதர் சங்கச் செயலாளர். அவளுடைய பேரக்குழந்தைக்கு அப்போது மூன்று மாதம். சண்டை தேவையில்லை, பெண்களும் வரட்டும், வெங்காயத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கக்கூடாது என்று சொல்லித்தான் கூட்டினாள். செபநாயகமும் வந்தார். முன்வரிசையில்தான் இருந்தார்.

மாஸ்டர் இந்தமுறை ஆயத்தமாக வந்திருந்தார். இரவெல்லாம் யோசித்திருக்கிறார். என்ன யோசித்தார் என்பதை மகளுக்குச் சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"நீங்கள் எல்லாரும் கோயில் பிரசங்கம் கேட்டிருப்பியள்" என்று தொடங்கினார். "சைவ சித்தாந்தத்திலை சேதனம், அசேதனம் எண்டு இரண்டு. அசேதனம் எண்டால் உயிரில்லாதது, சடம். சேதனம் எண்டால் உயிர், அறிவுள்ள பொருள். இது அரசாங்கத்தின்ரை சொல் இல்லை. எங்கடை சமயத்தின்ரை சொல். பயப்பிட ஒண்டுமில்லை."

சிலர் தலையாட்டினார்கள். துஷாந்தினிக்கு முதல் முறையாக நம்பிக்கை வந்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். மீனாம்பிகை. முப்பது வருடத்துக்கு மேலாக அவரோடு குடித்தனம் நடத்தியவள், அவரிடம் பொது இடத்தில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்றைக்கு உண்மையாகவே அவளுக்கு ஒரு சந்தேகம்.

"இஞ்சாருங்கோ. அந்தத் தூளுக்கை உயிர் கிடக்கெண்டால், கந்தசட்டி விரதத்துக்கு அந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்ததைத் துஷாந்தினி அதற்கு முன் கண்டதில்லை.

"உயிரில்லை" என்றார்.

"இப்பதானே உயிர் எண்டியள்."

"அது சித்தாந்தத்திலை. இரசாயனத்திலை சேதனத்துக்கு உயிரில்லை."

"அப்ப அசேதனமோ?" என்று கேட்டது செபநாயகம்.

மண்டபம் முழுக்கக் கதைக்கத் தொடங்கியது. விரதக்காரர் ஒரு பக்கம், வெங்காயக்காரர் ஒரு பக்கம். மாஸ்டர் சோக்கட்டியைக் கீழே வைத்தார். நெற்றி வியர்த்திருந்தது. துஷாந்தினி எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

குணலட்சுமி மேசையில் கையால் தட்டினாள்.

"எல்லாரும் வாயைப் பொத்துங்கோ. மாஸ்டர், நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. உந்தத் தூள் தண்ணிக்கை எதையும் போடுமோ?"

"போடாது. எடுக்கும்."

"என்னத்தை எடுக்கும்?"

"நைத்திரேற்றை."

"சின்னப்பிள்ளையளுக்குக் கூடாத சாமான்."

"ஓம்."

"கூடாததைப் பிடிச்சு வைச்சிட்டு நல்ல தண்ணியை விடும். அவ்வளவுதானே. அப்ப இது தேத்தண்ணி வடி மாதிரி ஒரு வடி. இதுக்கு ஏன் இவ்வளவு கதை?" அவள் சனத்தின் பக்கம் திரும்பினாள். "முன்பள்ளிக் கிணத்துக்கு ஒரு வடி பூட்டப்போறாராம் மாஸ்டர். ஓமெண்டவை கையைத் தூக்குங்கோ."

பெண்கள் பக்கத்தில் கைகள் உயர்ந்தன. பிறகு ஆண்கள் பக்கத்தில் ஒன்று, இரண்டு. செபநாயகம் கையைத் தூக்கவில்லை, ஆனால் மாஸ்டரைப் பார்த்தார். "வடிதானோ மாஸ்டர்?"

துஷாந்தினி அப்பாவின் வாயைப் பார்த்தாள். அவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்பது அவளுக்கு எழுத்துக்கு எழுத்துத் தெரியும். வடி என்பது துளையின் அளவால் பிரிப்பது. கரைந்த பொருளை வடியால் பிரிக்க முடியாது. இது புறத்துறிஞ்சல், மேற்பரப்பில் ஒட்டிப் பிடிப்பது. புறத்துறிஞ்சலை வடித்தல் என்று எழுதிய பிள்ளைக்கு அவர் பூச்சியம் போட்டதை அவள் பார்த்திருக்கிறாள். வாய் திறந்தது. அவள் அவருடைய சேட்டுக் கையைப் பிடித்தாள்.

"ஓம்" என்றார் மாஸ்டர். "வடி எண்டு வையுங்கோ."

செபநாயகத்தின் கை உயர்ந்தது.

வீட்டுப் படலையைத் திறக்கும்போது மாஸ்டர் சொன்னார்.

"பூச்சியம்."

"ஆருக்கு அப்பா?"

"எனக்கு."

ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டாம் முறை சோறு வாங்கினார். மீனாம்பிகை அதைக் கவனித்தாள். விரதக் கேள்விக்காக அவர் அவளை வைவார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வையவில்லை.

பெட்டி கப்பலில் வந்தது. செங்கடலில் தாக்குதல் பயம் என்று ஆபிரிக்காவைச் சுற்றி வந்தது. துஷாந்தினி அப்பாவின் தொலைபேசியில் கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் செயலியை ஏற்றிக் கொடுத்தாள். கொடுத்திருக்கக்கூடாது. காலையில் எழும்பியதும் கப்பல், சாப்பிடும்போது கப்பல். "உவன் கப்பல் ஓட்டுறானோ, தூண்டில் போடுறானோ?" என்று கப்பித்தானைத் திட்டுவார். தென்னாபிரிக்காவில் நின்றபோது ஒரு கிழமை நகரவில்லை. அந்தக் கிழமை வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. இதற்கிடையில் அவளுடைய கணக்குகளையும் திருத்தினார். கிணற்றடியில் கட்டவிருந்த தொட்டியின் உயரத்தை மாற்றச் சொன்னார். அவள் முடியாது என்றாள். இரண்டு நாள் அதற்குச் சண்டை. அவர் சொன்னது சரியாக இருந்தது. அவள் அதை அவருக்குச் சொல்லவில்லை, வரைபடத்தை மட்டும் மாற்றினாள். அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியாது.

கப்பல் கொழும்புக்கு ஒரு நாள் தூரத்தில் நின்றது. மாஸ்டர் காலைத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கண்ணாடியைக் கேட்டார். மீனாம்பிகை எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு ஊர் முழுக்க வந்தது. வந்தவர்களெல்லாம் துஷாந்தினியிடம் "சாகிற வயதோ" என்றார்கள், "கிடந்து உத்தரியாமல் போனது புண்ணியம்" என்றார்கள், "எப்ப திரும்பிப் போறாய் பிள்ளை" என்றார்கள். யாரும் "எந்தத் தண்ணீர்?" என்று கேட்கவில்லை, "எந்த உப்பு?" என்று கேட்கவில்லை. வீட்டில் சொற்கள் தாறுமாறாகக் கிடந்தன, திருத்த ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பந்தலில் இருந்துகொண்டு 'ஆக்சிஜன்' குறைந்துதான் செத்தார் என்று யாருக்கோ விளங்கப்படுத்தினார். அவள் எழுந்து உள்ளே போனாள்.

பெட்டியை அவளே கிணற்றோடு சேர்த்துப் பூட்டினாள். பிரவீணன் குழாய் பொருத்தினான். முதல் தண்ணீரைச் சோதித்தபோது நைத்திரேற்று எல்லைக்கு நன்றாகக் கீழே நின்றது. காய்ச்சி வடித்த தண்ணீரில் இல்லை, புத்தூர்த் தண்ணீரில். யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் குழுவுக்கு ஒரு வரி எழுதினாள். அவர்கள் கைதட்டும் படம் ஒன்றை அனுப்பினார்கள்.

பெட்டி முன்பள்ளிக்கென்று கணக்குப் பார்த்துச் செய்தது. முதல் கிழமை முன்பள்ளிப் பிள்ளைகள் குடித்தார்கள். இரண்டாம் கிழமை குணலட்சுமி தன் ஒழுங்கைக்குச் சொன்னாள். பிறகு அடுத்த ஒழுங்கை. பிறகு மோட்டார் சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு நிலாவரைப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். சிலர் அந்தத் தண்ணீரில் பருப்பு கெதியாக அவிகிறது என்றார்கள். அதற்கும் நைத்திரேற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. துஷாந்தினி சொல்லிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டினாள். ஆடு தின்றதா, ஆள் கிழித்தாரா என்று தெரியாது.

ஒரு காலையில் சோதித்தபோது நைத்திரேற்று திரும்ப ஏறியிருந்தது. தூள் நிரம்பிவிட்டது. பிடிக்கக்கூடிய இடங்களெல்லாம் பிடித்தாயிற்று. குழாயைப் பூட்டி, உப்புக் கரைசலைத் தொட்டிக்குள் விட்டாள். அது மெதுவாகத்தான் இறங்கும். கழுவி வருகிற கரைசலைப் பசளையாக்கும் செம்பு ஊக்கி இன்னும் வரவில்லை. அதைத் தனிப் பீப்பாவில் பிடித்து வைக்கவேண்டும். அதற்குள் கிணற்றடியில் வரிசை முறுகத் தொடங்கியது.

வரிசையில் முதல் ஆள் செபநாயகம். இரண்டு கான்கள்.

"என்ன பிள்ளை, வடி ஓடயில்லையோ?"

"நிரம்பிப்போச்சு அங்கிள். கழுவுறன். பின்னேரமாகும்."

"வடி என்னெண்டு நிரம்பும்? கழட்டித் தா, தட்டிப்போட்டுத் தாறன். தேத்தண்ணி வடியைத் தட்டுறதில்லையே."

"தட்டினால் போகாது."

"கல்லு மண் எண்டால் தட்டினால் போகத்தானே வேணும்."

"கல்லு மண் இல்லை அங்கிள். கரைஞ்சு கிடக்கிற சாமான்."

"கரைஞ்சதை வடி பிடிக்காதே. சீனி போட்ட தேத்தண்ணியை வடிச்சால் சீனி நிக்குதோ?" வரிசையில் சிலர் சிரித்தார்கள். பின்னால் ஒரு பெண், சின்னவர்கள் முன்பள்ளி விட்டு வரப்போகிறார்கள், தண்ணீர் வேண்டும், கதை பிறகு என்றாள். இன்னொருவர், வெளிநாட்டுச் சாமான் எல்லாம் இப்படித்தான் என்றார்.

துஷாந்தினிக்கு எரிச்சல் தலைக்கேறியது. வெயில் ஏறியது. கையெல்லாம் உப்பு. இவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியவர் தெருவில் நின்று வருவோர் போவோரைப் பிடித்து வைத்துச் சொல்லியிருப்பார், கேட்க ஆளில்லாவிட்டாலும் சொல்லியிருப்பார்.

"வடி இல்லை அங்கிள் இது" என்றாள்.

செபநாயகம் கானைக் கீழே வைத்தார். "அப்ப மாஸ்டர் பொய்யே சொன்னவர்?"

இல்லை என்று சொல்வது லேசு. அப்பா என்றால் அப்படிச் சொல்லமாட்டார்.

"ஓம்" என்றாள். "அந்த ஒண்டுதான்."

"ஏன்?"

"நீங்கள் கை தூக்கவேணுமெண்டு."

செபநாயகம் பெட்டியைப் பார்த்தார். கரைசல் சொட்டுச் சொட்டாகப் பீப்பாவுக்குள் விழுந்துகொண்டிருந்தது. கானைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தார்.

"பின்னேரமாகும் எண்டுதானே சொன்னனி. அப்ப சொல்லு பிள்ளை. வடி இல்லையெண்டால் என்ன அது?"

அவளுக்குப் படிப்பிக்க வராது. பொறுமையும் இல்லை. வரிசையில் நின்ற மற்றவர்களும் கான்களை இறக்கி வைத்தார்கள். கையிலிருந்த உப்பைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, சேதனத்தைப் பின்னுக்கு விட்டு உலோகத்திலிருந்து தொடங்கினாள். அதில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.